சிலோன் வீட்டு மண்

மதாம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கீழ விடுங்க மதாம், நான் பாத்துக்கறேன்" என்றேன். காதில் வாங்கவில்லை. ஒரு கையில் ரப்பர் செருப்பு, இன்னொரு கையில் கைத்தடி. எண்பது வயதைத் தாண்டிய வெறுங்கால்களோடு கூடத்துக்குள் இறங்கினார்.

காலை பத்து மணி வெயில் நடுமுற்றத்தில் விழுந்து தூண்களில் ஏறிக்கொண்டிருந்தது. தரைக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த வாசனையும் புதுச் சுண்ணாம்பு வாசனையும் கலந்து வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. பதினாலு மாத வேலை. நான் மார்பைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். பிறந்து வளர்ந்த வீட்டை அந்தம்மா இப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும். இரண்டு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் சுவரைப் பார்க்கவில்லை. மேலே தேக்கு உத்திரத்தையும் பார்க்கவில்லை. நேராக மூன்றாவது தூணுக்குப் போய், அங்கிருந்து நாலு எட்டு எண்ணி நடந்து நின்றார். வலது பாதத்தால் தரையைத் தடவினார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். திரும்பத் தூணுக்குப் போய் மறுபடி எண்ணிக்கொண்டு வந்தார்.

"எங்க ஏழுமல?" என்றார்.

"எது மதாம்?"

"மண்ணு."

 அந்த மண் எங்கே இருக்கிறது என்று உலகத்தில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவன் நான். சித்தாளாகச் சேர்ந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, கடைசியில் தலையில் மஞ்சள் தொப்பி வைத்த சூப்பர்வைசர் ஆனேன். இந்தத் தொடரில் இதுவரை நான் சாதித்ததையே எழுதிவந்தேன். போன வாரம் சுண்ணாம்பு அரைப்பதைப் பற்றி நான் அளந்ததைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்கள் கை பட்ட வீட்டில் தப்பே நடந்ததில்லையா?" என்று கேட்டு எழுதியிருந்தார். நடந்தது ஐயா. இந்த வாரம் அதுதான்.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரத் தெருக்கள், மேற்கே தமிழர் தெருக்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிலோன் வீடு மேற்கே இருந்தது. ஆனால் அது இரண்டிலும் சேராது. தெருவைப் பார்த்த முகப்பு பிரெஞ்சுக்காரன் வீடு மாதிரி இருக்கும், வளைவு ஜன்னலும் மரக்கதவும் வைத்து. உள்ளே நுழைந்தால் வேறு ஊர். ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள். தலையில் இடிக்கிற அளவுக்குத் தாழ இறங்கிய ஓட்டுச் சாய்ப்பு. நடுவில் வானத்தைப் பார்த்த முற்றம், அதைச் சுற்றி அகலமான கூடம்.

கட்டியவர் மதாமின் தாத்தா. கண்டிச் சீமையில் ஒரு சிங்களப் பிரபு குடும்பத்து இளைய மகன். அங்கே அந்த மாதிரிக் குடும்பங்களின் மாளிகையை 'வளவ்வ' என்பார்களாம். வெள்ளைக்கார துரை ஒருவன் வந்தபோது இவர் குதிரையை விட்டு இறங்கவில்லை. இறங்கு என்றதற்கு இறங்காமலே ஏதோ பதில் சொல்லிவிட்டார். அண்ணன் துரையின் காலில் விழுந்து பதவியைக் காப்பாற்றிக்கொண்டார். தம்பி கப்பலேறினார். இங்கிலீஷ்காரன் கை எட்டாத ஊர் என்று அந்தக் காலத்தில் பலர் புதுச்சேரிக்கு வந்தார்கள். அவர்களில் இவரும் ஒருவர்.

வந்தவர் இங்கே ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்கும் போக ஆரம்பித்தார். பிள்ளைகள் பிரெஞ்சு படித்து சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார்கள். ஆனால் வீட்டை மட்டும் தான் பிறந்த வளவ்வ மாதிரியே கட்டினார். பெண்களின் பெயருக்குப் பின்னால் 'குமாரிஹாமி' என்ற பட்டத்தை விடவேயில்லை. மதாம் கையெழுத்துப் போட்டால் எவ்லின் குமாரிஹாமி என்று ஒரு வரி முழுக்க ஓடும். தெருவில் அதைச் சொல்ல யாருக்கும் நாக்கு புரளாது. எல்லோருக்கும் அவர் சிலோன் மதாம்.

என் அப்பா உட்கார்ந்த பலகை

என் அப்பா முருகேசன் அந்த வீட்டில் புஸ் வண்டி தள்ளினார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. முன்னால் ஒரு நாற்காலி, சக்கரம், திருப்பிக்கொள்ள ஒரு கைப்பிடி. பெரியவர்கள் அதில் உட்கார்ந்து ஓட்டுவது போல் பாவனை செய்வார்கள். பின்னாலிருந்து தள்ளுகிறவன் என் அப்பா. மதாமின் தகப்பனார், பெரிய முசே, கோர்ட்டுக்குப் போகவும் வரவும் அந்த வண்டிதான். முசேவுக்குப் பிறகு வண்டி போய்விட்டது. அப்பா தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

வளவ்வ வழக்கம் ஒன்று அந்த வீட்டில் கடைசிவரை இருந்தது. வருகிறவனின் தகுதிப்படிதான் ஆசன உயரம். சமமானவர்களுக்கு முன்தாழ்வாரத்தில் சித்திர வேலை செய்த நாற்காலி. குமாஸ்தாக்களுக்கு முதுகில்லாத பெஞ்சு. மற்றவர்களுக்கு நாலு விரல் உயரத்தில் ஒரு மணைப்பலகை. என் அப்பா முப்பது வருஷம் அந்தப் பலகையில்தான் உட்கார்ந்து காபி குடித்தார்.

தாழ்வாரத்தைத் தாண்டி அவர் போனதில்லை. போகாதே என்று யாரும் சொன்னதாகவும் எனக்கு ஞாபகமில்லை. தினமும் காலையில் தோட்டத்துக் கதவண்டை நின்று, "உள்ள வரலாங்களா?" என்பார். முப்பது வருஷமாக வேலை செய்கிற வீட்டில், தினமும். சின்ன வயதில் அவரோடு போகும்போது அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏம்பா தினம் கேக்குற? வரவேணாம்னா சொல்லப் போறாங்க?"

"கேட்டுட்டு வந்தா நம்ம வந்தோம். கேக்காம வந்தா பூந்துட்டோம்" என்றார். எனக்கு அது அப்போது ஏறவில்லை. இப்போதும் பாதிதான் ஏறியிருக்கிறது.

அந்த வீட்டுக்காரர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். என் பள்ளிக்கூடச் சட்டையில் பாதி அந்த வீட்டுத் துணி. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மதாம் எங்கள் தெருவுக்கு வந்தார். வாசலில் நின்று ரொட்டியும் ஆரஞ்சும் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. கூப்பிடலாம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

மீசையைப் பந்தயம் வைத்தேன்

மதாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சிலேயே தங்கிவிட்டார். அந்தம்மா தனியாக அந்தப் பெரிய வீட்டில் இருந்தார். ஒரு மழையில் சமையல்கட்டுக் கூரை விழுந்தது. அடுத்த மழையில் கூடத்துக்கு மேலே செங்கல்லும் காரையும் போட்ட மெட்ராஸ் தளம் ஒரு மூலையில் இறங்கியது. தம்பி அங்கிருந்து வந்து வீட்டை ஓட்டல் நடத்துகிற ஒருவருக்கு விற்றார். மதாமும் கையெழுத்துப் போட்டார். லாஸ்பேட்டையில் ஒரு வீட்டின் பின் போர்ஷனுக்கு வாடகைக்குப் போனார். குடிபோன வாரத்திலேயே குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கை.

புதுப்பிக்கும் வேலை எங்கள் காண்டிராக்டருக்கு வந்தது. சிலோன் வீடு என்றதும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பா தாண்டாத தாழ்வாரத்தை முதல்நாள் தொப்பியும் பூட்ஸுமாகத் தாண்டிப் போனேன். அன்றைக்கு எனக்கு இருந்த கெத்தை மறைத்து எழுதினால் பாவம்.

கூடத்தில் இடிந்த காரை முழங்கால் உயரம் கிடந்தது. அள்ளிக் கொட்டியபோது தரை தெரிந்தது. பச்சையும் சிவப்புமாகப் பூ வேலை செய்த பழைய டைல்ஸ். நடுக்கூடத்தில் மூன்றடிக்கு மூன்றடி மட்டும் டைல்ஸ் இல்லை, வெறும் மண். முன்னே ஏதோ ஒரு மழையில் காரை விழுந்து உடைந்திருக்கும், யாரோ மண்ணை அள்ளிப் போட்டு மெழுகியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஆர்க்கிடெக்ட் பெண்ணும் வரைபடத்தில் 'டைல்ஸ் காணவில்லை' என்று குறித்துக்கொண்டது.

அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. படித்து இரண்டு வருஷம் ஆன பெண். நான் கொத்தனார். அந்தச் சதுரத்தின் நாலு ஓரமும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஓரத்து டைல்ஸ் ஒவ்வொன்றும் முழுசு, ஒரு முனைகூட உடையவில்லை. உடைந்த தரை ஒருநாளும் நேராக உடையாது. சித்தாளுக்குத் தெரியும் இது. என் கண்ணெதிரே இருந்தது, நான் பார்க்கவில்லை. பூர்த்தி பண்ண வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் எங்கள் தொழிலில் கண் அவிந்துவிடும்.

அந்தப் பூ வேலை இப்போது வருவதில்லை. காரைக்குடிப் பக்கம் மூன்று தடவை போனேன். பச்சை சரியாக வந்தால் சிவப்பு கூடிப்போகும். கடைசியில் நானே பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து கலவை சொல்லிச் செய்ய வைத்தேன். பதித்து முடித்து எண்ணெய் போட்டுத் துடைத்தபின், ஆட்களை எல்லாம் கூப்பிட்டேன்.

"எது பழசு, எது புதுசுன்னு எவனாவது காட்டுங்கடா. காட்டிட்டா மீசைய எடுத்துக்கறேன்."

ஒருத்தனாலும் காட்ட முடியவில்லை. ஓட்டல் முதலாளி தோளைத் தட்டிக் கொடுத்தார். மதாம் கால் விரலால் தடவிக் கண்டுபிடித்தார்.

மண் போன இடம்

டைல்ஸ் பதிக்க, கீழே ஜல்லி போட வேண்டும். அதற்காக அந்தச் சதுரத்தை ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டினோம். வந்த மண்ணைப் பார்த்து நானே அசந்துபோனேன். எங்கள் பக்கத்து மண் இல்லை. செக்கச் செவேலென்று, கல்லு கப்பி எதுவுமில்லாமல் சலித்து வைத்த மாதிரி இருந்தது.

"டேய், இத ரப்பீஸ்ல கலக்காதீங்க. தனியா சாக்குல புடிங்க" என்றேன்.

அப்போது சாரம் ஏரியாவில் நான் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருஷம் ஊரான் வீட்டைக் கட்டினவனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சின்ன வீடு. ரப்பீஸ் என்கிற பழைய வீட்டு இடிபாட்டைப் பேஸ்மட்டத்துக்கு நிரப்புவது எங்கள் தொழிலில் சாதாரணம். எங்காவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதுதானே. சிலோன் வீட்டு ரப்பீஸ் இரண்டு லோடு என் வீட்டு அடிக்குப் போனது. அந்தச் செம்மண் மூட்டைகளை மட்டும் பத்திரமாக வைத்திருந்து, நல்ல மண்ணாச்சே என்று, கூடத்துத் தரைக்கு மேல்மண்ணாகப் போட்டேன். அதன்மேல் டைல்ஸ் போட்டுக் கிரகப்பிரவேசமும் முடிந்துவிட்டது.

இதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் என் மனசில் ஓடியது. மதாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விசாரிக்கறேன் மதாம்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அவர் திரும்பி நடந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். கையில் பிடித்தபடியே, சூடான தார்த்தெருவில் வெறுங்காலோடு ஆட்டோ வரைக்கும் போனார்.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பத்திரம் முடிக்கிற அன்னிக்கு அந்தம்மா ஒரு எடத்த மட்டும் தொடாம வுடணும்னாங்க. நான் ஜெபம் பண்ற மாடம்னு நெனச்சிட்டேன் மேஸ்திரி. அத அப்படியே வெச்சிருக்கேன் பாரு, ஒரு ஆணி அடிக்கல."

"இப்ப அந்த எடத்த மட்டும் தோண்டிட்டா?"

"கூடத்து நடுவுலயா? பொட்டிச் சக்கரம் மாட்டிக்கும். கெஸ்ட்டு எவனாவது தடுக்கி வுழுவான். நீயே சொல்லு."

 திரும்பும்போது வரவேற்பு மேசை பக்கத்தில் என் அப்பாவின் மணைப்பலகை கிடந்தது. மெருகு போட்டு அதன்மேல் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். அதையும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

தனம் சொன்ன தீர்ப்பு

இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி தனம் எதையும் கேட்க மாட்டாள், காத்திருப்பாள். கடைசியில் நானே கொட்டிவிட்டேன்.

"சரி, தரைய ஒடச்சி மண்ண எடுத்துக் குடுத்துடறேன்" என்றேன்.

"குடுத்தா? அந்தம்மா எங்க போடும்? வாடகை வூட்லயா?"

நான் குனிந்து எங்கள் கூடத்துத் தரையைப் பார்த்தேன்.

"மண்ணுக்கு வூடு வேணும்யா. அதுக்கு இப்ப இருக்கற வூடு இதான். போய் உண்மையச் சொல்லிட்டு வா. திட்டுனா வாங்கிக்க."

லாஸ்பேட்டைக்குப் போனேன். மதாம் ஜன்னல் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் மருந்துகள். நான் நின்றுகொண்டே சொன்னேன். காரைக்குடிக்குப் போனது, மீசைப் பந்தயம், சாக்கு மூட்டை, எல்லாவற்றையும் சொன்னேன்.

 கேட்டு முடித்து மதாம் மெதுவாகச் சொன்னார். தாத்தா கப்பலேறுவதற்கு முன்னால், தான் பிறந்த வளவ்வவின் நடுமுற்றத்தில் மண்ணை மூட்டை மூட்டையாக வெட்டி எடுத்துக்கொண்டு வந்தாராம். வழி முழுக்க அதில் ஒரு மூட்டைதான் அவருக்குத் தலையணை. இங்கே கூடத்தில் அதைப் போட்டார். அந்தக் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் முதலில் அந்த மண்ணில்தான் பாதத்தைத் தொட வைப்பார்கள். செத்தால், கல்லறைக்கு எடுக்கும் முன் கால் இரண்டும் அந்த மண்ணில் படும்படி கிடத்துவார்கள். தாத்தா, ஆயா, பெரிய முசே, அம்மா, எல்லோரும் அப்படித்தான் போனார்கள். கண்டியில் அந்த வளவ்வ இப்போது இல்லை. இடித்து எத்தனையோ காலம் ஆகிறது. மிச்சம் இருந்தது இந்த மண்தான்.

"நான் ஒருத்திதான் பாக்கி. எனக்கு வேற ஆச கெடையாது ஏழுமல. வூடு போனா போவட்டும், என் காலு அந்த எடத்துல பட்டுட்டுப் போவணும். அவ்ளோதான் கேட்டேன்."

"தப்பு என்னுது மதாம்."

"இங்க வூட்டுக்காரரு முன்னாலயே சொல்லிட்டாரு. ஏதாவது ஒன்னு ஆச்சின்னா ஆஸ்பத்திரிலேந்து நேரா கோயிலுக்கு எடுத்துட்டுப் போயிடணுமாம். இங்க கொண்டாரக் கூடாதாம்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்க தாத்தா தலமாட்டுல வெச்சிக் கொண்ணாந்தாரு. நீ பேஸ்மட்டத்துல கொட்டிட்ட. போ. இப்ப போயிடு."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எனக்கு ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து மீசையை எடுத்தேன். 

வாசலில் நின்ற மதாம்

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிகிற நேரம். எங்கள் வாசலில் ஆட்டோ நின்றது. மதாம் இறங்கினார். வெள்ளைப் பூப்போட்ட கவுன், தலையில் சின்ன முக்காடு. வாசல் வரைக்கும் வந்தவர், படிக்கு முன்னால் நின்றுவிட்டார். நின்றுகொண்டே இருந்தார். 

தனம் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்கம்மா."

"கூப்புடாம எப்டி வர்றது?" என்றார் மதாம்.

செருப்பைக் கழற்றினார். என் வீட்டில் இருந்த நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். நான் எதிரில் நின்றேன். "நீ ஏன் நிக்கிற? ஒக்காரு" என்றார். அந்தம்மாவுக்கு முன்னால் அதே உயர நாற்காலியில் உட்கார எனக்கு என் வீட்டிலேயே தைரியம் வரவில்லை. தனம் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

"எங்க இருக்கு?"

"கூடம் முழுக்க பரவியிருக்கு மதாம். டைல்ஸுக்கு அடியில ஒரு சாணுக்கும் கீழ."

பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். தனம் காபி கொண்டுவந்தாள். சிலோன் வீட்டுக்காரர்கள் எங்கள் மாதிரி ஆட்களின் வீட்டில் கை நனைத்ததில்லை. மதாம் டம்ளரை வாங்கி, சர்க்கரை கொஞ்சம் கூட என்று சொல்லி, முழுசாகக் குடித்தார்.

"உங்கப்பன் அந்த மண்ணுல ஒரு நாளும் கால் வெச்சதில்ல, தெரியுமா?" என்றார். "நாங்க வெக்க வுட்டதில்ல. அதச் சொல்லணும்னுதான் வந்தேன். திட்டி அனுப்பிச்சிட்டேனே, அப்பறமா எனக்குத் தூக்கமே இல்ல. எங்க மண்ணு போச்சி போச்சின்னேன். அவன் புள்ள வூட்டுக்குத்தான வந்துருக்கு."

 அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்க முடியவில்லை. எண்பது வருஷமாக யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத வாய். "அந்த நாளு வரும்போது..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"இங்கதான் கூட்டியாருவோம்" என்றாள் தனம்.

"இப்பவே ஒரு சதுரம் ஒடச்சி வெச்சிடறேன் மதாம்" என்று நான் எழுந்தேன்.

"நொன், நொன், வேணாம்! இப்பவே ஒடச்சி வெச்சா நான் எப்ப போவேன்னு பாத்துக்கினு இருக்கற மாரி இருக்கும்" என்று சிரித்தார். அந்தம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதன்பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிறு வந்தார். வந்தால் அரை மணி நேரம். நானும் அவர் எதிரில் உட்காரப் பழகிக்கொண்டேன்.

மூன்றடிக்கு மூன்றடி

கார்த்திகை மழையில் மதாமுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இங்கே புதுச்சேரிக் கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலாம் நாள் விடிகிற நேரத்தில் போன் வந்தது. பத்து மணிக்குள் உடம்பைக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். தனம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன்.

கட்டிங் மிஷின் வீட்டில்தான் இருந்தது. அதைத் தொட மனசு வரவில்லை. நூல் பிடித்து மூன்றுக்கு மூன்று அடையாளம் போட்டேன். என் கையால் பதித்த தரை. முதல் டைல்ஸ் உடைகிறபோது பல்லில் கூசியது. அப்புறம் கை தன்போக்கில் போயிற்று. சிமெண்டை உடைத்து, ஜல்லியை அள்ளி, கையால் துழாவினேன். ஈரத்தோடு செம்மண் வந்தது. நாலு ஓரத்தையும் உளியால் செதுக்கி நேராக்கினேன். ஒரு முனைகூடச் சிதையவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. தெருவே கூடிவிட்டது. ஐஸ் பெட்டி கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பினேன். பெட்டிக்குள் வைத்தால் கால் எங்கே படும். தரையில் பாய் விரித்துக் கிடத்தினோம். தனம் அந்தம்மாவின் இரண்டு பாதங்களையும் கையில் ஏந்தி மண்ணில் வைத்தாள். நகத்துக்குள் செம்மண் ஏறியது. துடைக்க வந்த பெண்ணை வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். மாதா கோயில் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொன்னார். பிரான்சிலிருந்து தம்பி போனில் அழுதார். முதலாளி ஒரு பெரிய மாலையோடு வந்து, தரையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எதிர்வீட்டம்மா தனத்திடம் கிசுகிசுத்தாள். "யாருக்கா இவங்க? உங்களுக்குச் சொந்தமா? வெளிப் பொணத்த நடுவூட்ல போட்டு, தரைய வேற ஒடச்சி... யாரு இவங்க?"

"வூட்டுக்கு உடையவங்க" என்றாள் தனம்.

கல்லறைக்குப் போய்விட்டு வந்து குளித்தோம். எல்லோரும் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சதுரத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக உட்கார்ந்திருந்தோம். மண்ணில் இரண்டு குதிகால் பள்ளம் இருந்தது.

மீதி டைல்ஸ் ஒரு பெட்டி பரணில் இருக்கிறது. என்னோடு வேலை செய்கிற பையன்கள் வந்தால், "இன்னா மேஸ்திரி, டைல்ஸ் பத்தலையா?" என்று கேலி பண்ணுகிறார்கள். ஆமாண்டா, பத்தல என்று சொல்லிவிடுகிறேன். மீசையை மறுபடி வளர்க்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் அந்த மண்ணைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தேன். தனம் ஒருநாள் காலையில் சலித்துக்கொண்டாள். "உன் வூட்ல நீ ஏன்யா ஓரமாப் போற? அந்தம்மாவே சொல்லிட்டுதான போச்சி. வெய்யி காலை."

ஓரத்தில் போய் நின்றேன். ஒரு பாதத்தைத் தூக்கினேன். என் வாய் தானாகக் கேட்டது.

"உள்ள வரலாங்களா?"